மாம்பழத்தை வெட்டாமல் இனிப்பை அளக்கலாமா?

மாம்பழம் வாங்கும்போது நீங்க என்ன பண்ணுவீங்க? முகர்ந்து பார்ப்பீங்க, லேசா அமுக்கிப் பார்ப்பீங்க. ஆய்வகத்தில் என்றால் பழத்தை வெட்டி, சாற்றை ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டு பிரிக்ஸ் அளவைப் படிப்பார்கள். அளவு கிடைக்கும், பழம் போச்சு. ஒரு லாரி லோடில் பத்தை வெட்டிவிட்டு, மீதியும் அப்படித்தான் என்று நம்ப வேண்டியதுதான்.

வெட்டாமல் பார்க்க உதவுவது நியர் இன்ஃப்ராரெட் நிறமாலையியல். 1960களில் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் மையத்தில் கார்ல் நோரிஸ் என்ற பொறியாளர் தானிய ஈரப்பதத்தை அளக்க இதைப் பயன்படுத்தினார். தண்ணீரில் உள்ள ஓ-ஹெச் பிணைப்பு ஸ்பிரிங் மாதிரி அதிரும். 970, 1450, 1940 நானோமீட்டர் அருகே ஒளியை விழுங்கும். 1450இல் விழுங்குவது ரொம்ப அதிகம், ஒளி ஆழமாகப் போகாது. 970இல் குறைவு. அதனால் ஒளி தோலைத் தாண்டி, சதைக்குள் சிதறி, வெளியே வரும். 1100 வரை சாதாரண சிலிக்கான் டிடெக்டரே போதும் என்பது நம்ம பட்ஜெட்டுக்கு நல்ல செய்தி.

காயாக இருக்கும்போதே அளப்பதுதான் இதில் சுவாரஸ்யம். காயில் இருக்கும் மாவுச்சத்து பழுக்கும்போது சர்க்கரையாகும். எனவே மரத்தில் தொங்கும் காயின் உலர்பொருள் அளவு தெரிந்தால், பழுத்தபின் எவ்வளவு இனிக்கும் என்று கணிக்கலாம். ஆஸ்திரேலிய மாந்தோப்புகளில் கையடக்கக் கருவியை வைத்து அறுவடை நாளை இப்படித்தான் முடிவு செய்கிறார்கள்.

ஆனால் கருவி நேரடியாக இனிப்பைச் சொல்லாது. தண்ணீர், சர்க்கரை, மாவுச்சத்து எல்லாவற்றின் உச்சங்களும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். வெட்டி அளந்த பழங்களை வைத்து பி.எல்.எஸ். ரிக்ரெஷன் போட்டுத்தான் பிரிக்க வேண்டும். ப்ராஜெக்டில் பலர் சறுக்குவது இங்கேதான். ஒரு பழத்தில் ஆறு இடத்தில் ஸ்கேன் எடுத்து, எல்லாவற்றையும் குலுக்கி ட்ரெயின், டெஸ்ட் என்று பிரிப்போம். ஒரே பழம் இரண்டு பக்கமும் இருக்கும். ஆர்-ஸ்கொயர் பிரமாதமா வரும். புதுப் பழத்தைக் காட்டினால் உளறும்! பிரிப்பதைப் பழவாரியாகப் பிரியுங்கள். முடிந்தால் வேறு தோப்பு, அடுத்த சீசன் பழத்தில் சோதியுங்கள். ஏசி அறையில் கட்டிய மாடல் வெயிலில் சூடான காயில் தவறும், ஏனென்றால் வெப்பநிலை மாறினால் தண்ணீரின் உச்சமே நகரும். அந்தத் தவறான எண்ணை நம்பி முன்கூட்டிப் பறித்துவிட்டால் நஷ்டம் விவசாயிக்கு, நமக்கில்லை.

இன்னொன்று. ப்ராஜெக்டுக்கு 18 சேனல் ஏ.எஸ்.7265எக்ஸ் சென்சாரை ஆர்டர் பண்ணப் போறீங்களா? அது 940 நானோமீட்டரோடு நின்றுவிடும். 970 அதில் இல்லை.