காதுக்குள் ஒரு சிறு குழாய்

உம்மா மூன்று தரம் கூப்பிட்டால்தான் தம்பி திரும்புவான். தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவான். சொல் கேளாத பிள்ளையென்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். நானும் நிறைய ஏசியிருக்கிறேன். முதலாம் தரத்தில் அவனுடைய ஆசிரியை சொல்லித்தான் செவிப்புலன் பரிசோதனைக்குக் கொண்டுபோனோம். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் பசை போன்ற நீர் தேங்கியிருந்தது.

நடுக்காது என்பது காற்று நிரம்பிய சிறு அறை. அதை மூக்கின் பின்புறத்தோடு இணைப்பது ஊத்தேக்கியாவின் குழாய். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து காற்றை உள்ளே விடும். சிறு பிள்ளைகளில் இக்குழாய் குட்டையாகவும் கிடையாகவும் இருப்பதால், தடிமன் வந்தாலே அடைபடக்கூடும். காற்றுப் போகாத அறையில் நீர் சேர்கிறது. செவிப்பறையும் சிற்றென்புகளும் சரியாக அதிர முடிவதில்லை. பெரும்பாலும் வலியோ காய்ச்சலோ இராது. அதனால்தான் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

அப்படியானால் உடனே சத்திரசிகிச்சையா? இல்லை. பெரும்பாலான பிள்ளைகளில் இந்நீர் 3 மாதங்களுக்குள் தானாகவே வற்றிவிடும். ஆகவே வைத்தியர் முதலில் காத்திருக்கச் சொல்வார். நுண்ணுயிர்க்கொல்லியோ தடிமன் பாணியோ இதற்கு உதவாது. உம்மம்மா இளஞ்சூட்டில் எண்ணெய் விடச் சொன்னார். செவிப்பறை மறித்து நிற்கும்போது எண்ணெய் எப்படி நடுக்காதுக்குப் போகும்?

3 மாதம் கடந்தும் இரண்டு காதிலும் நீர் நின்று, பரிசோதனையில் கேட்டல் குறைவும் தெரிந்தால் குழாய் பொருத்துவது பற்றி யோசிப்பார்கள். 6 மாதத்தில் 3 தடவை, அல்லது ஒரு வருடத்தில் 4 தடவை நடுக்காதில் கிருமித் தொற்று வந்து, பரிசோதிக்கும் நேரத்தில் நீரும் நிற்குமானால் அப்போதும் யோசிப்பார்கள். பிளந்த அண்ணமுள்ள பிள்ளைகளிலும் டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளிலும் நீர் எளிதில் வற்றாது. அவர்கள் விடயத்தில் இவ்வளவு காலம் பொறுக்கத் தேவையில்லாமலும் போகலாம்.

மயக்கமருந்து கொடுத்து, செவிப்பறையில் சிறு வெட்டுப் போட்டு, நீரை உறிஞ்சியெடுத்துக் குழாயைப் பொருத்துவார்கள். சில நிமிட வேலைதான். அடைபட்ட ஊத்தேக்கியாவின் குழாய்க்குப் பதிலாக இதனூடே காற்று நடுக்காதுக்குப் போகும். பெரும்பாலும் 6 முதல் 18 மாதங்களில் அது தானாக விழ, துவாரமும் மூடிக்கொள்ளும். சிலருக்குக் காது வடியலாம், அரிதாகத் துவாரம் மூடாமலும் நிற்கலாம். காத்திருக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த 3 மாதமும் ஆசிரியை தம்பியை முன்வரிசையில் இருத்தினார். நாங்கள் அவன் முகத்தைப் பார்த்தே பேசினோம். அடுத்த பரிசோதனையில் இரண்டு காதும் தெளிந்திருந்தன, குழாய் தேவைப்படவில்லை. எனக்குத்தான் பழைய பழக்கம் போகவில்லை. நேற்றும் கேட்டான்: "ஏன் ராத்தா இப்படிக் கத்துறீங்க?"