அரிவாள் எடுத்தவனுக்கு நன்னடத்தை விடுதலையா?

கேள்வி: சுவர்த் தகராறில் பக்கத்து வீட்டுப் பையன், 20 வயது, என் தம்பியின் தோளில் அரிவாளால் வெட்டிவிட்டான்; ஆறு தையல். முதல் குற்றம் என்பதால் ‘நன்னடத்தை’யில் விட்டுவிடுவார்கள் என்கிறார்கள். ஆயுதம் எடுத்தவர்களுக்கு இச்சலுகையை அடியோடு நிறுத்தக்கூடாதா?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: தங்கள் தம்பி பூரண சௌக்கியம் அடைய வேண்டுமென்பதே முதற்கண் என் பிரார்த்தனை. வழக்கு நடக்கும்போதே கிடைப்பது ஜாமீன். நன்னடத்தை விடுதலையோ, குற்றம் ருசுவான பின்னர், மூன்று வருஷத்துக்கு மேற்படாத காலம் ஒழுங்காக இருப்பதாகப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, தண்டனையை நிறுத்திவைத்து அனுப்பும் ஏற்பாடு. சென்னை மாகாணம் 1936-லேயே இதற்கென ஒரு சட்டம் செய்தது. இப்போது அமலில் இருப்பது 1958-ஆம் வருஷத்து மத்திய சட்டம்.

தாங்கள் கேட்கும் வரம்பு அச்சட்டத்திலேயே இருக்கிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றத்துக்கு இவ்விடுதலை கிடையாது. ஆகவே கொலைகாரன் மாத்திரமன்றி, அரிவாளால் கொடுங்காயம் விளைவித்தவனும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 118(2) பிரிவு ஆயுள் வரை தண்டிக்க இடமளிப்பதால், இதைக் கோர இயலாது. அதே அரிவாள், அதே ஆத்திரத்தோடு வீசப்பட்டும், எலும்பைத் தொடாமல் சதையோடு நின்றுவிட்டாலோ, 118(1)-இன்படி அது மூன்றாண்டுக் குற்றமாய்ச் சுருங்கிவிடுகிறது. காயச் சான்றில் வைத்தியர் எழுதும் ஒற்றை வரியில் இருவர் விதி நிர்ணயமாகிறது! கொலை முயற்சி என்று வழக்குப் பதிவாகி, அதுவும் காயமும் ருசுவானால், அப்போதும் கதவு அடைபட்டதுதான். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளுக்கென வந்த 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவோ, அச்சட்டப்படி குற்றவாளியாகும் 18 வயது கடந்தவனுக்கு இச்சலுகையை அறவே மறுக்கிறது. தென்பாண்டிச் சீமையின் கிராமங்களை அறிந்த எவரும் அதை மிகையென்று சொல்லார்.

எனினும், ஆயுதம் எடுத்த அனைவருக்கும் அத்தடையை விரிக்க என் மனம் ஒப்பவில்லை. நான் நன்னடத்தை அலுவலராக இருந்தபோது, விசைத்தறிக்கூடம் ஒன்றில் இப்படியொரு பையனை விசாரிக்கப் போயிருந்தேன். அறுந்த பாவு நூலை முடிந்துகொண்டே, தலை நிமிராமல், “புத்தி கெட்டுப் போச்சுய்யா” என்றான். அவனைப் பழங்குற்றவாளிகளோடு அடைத்துவைப்பதால் ஊருக்கு என்ன க்ஷேமம்? ஆனால் அன்று மாலை நான் கண்ட காயம்பட்டவர் கேட்டதையும் மறக்க முடியவில்லை: “அவன் எந்நேரம் இந்தச் சந்து வழியா வருவான்னு மட்டும் சொல்லுங்கய்யா.” விடுதலை பெறுபவனுக்கோ ஜாமீன்தாரருக்கோ நிலையான வசிப்பிடமோ தொழிலோ அவ்வட்டாரத்தில் இருக்கவேண்டுமென்று சட்டம் கேட்பதால், அவன் பெரும்பாலும் அதே தெருவுக்குத்தான் திரும்புகிறான். வெட்டியவனின் குடும்பத்தை விரிவாக விசாரிக்கும் நாம், வெட்டுப்பட்டவரை ஒரு வார்த்தை கேட்பதில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

21 வயதுக்குட்பட்டவன் விஷயத்தில் நீதிமன்றம் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைப் பெற்றே தீரவேண்டும். அவர் விசாரணைக்கு வரும்போது தங்கள் தம்பி தம் அச்சத்தை ஒளிக்காமல் சொல்லட்டும். குடியை விடுவது, எங்கே வசிப்பது என்பன போன்ற நிபந்தனைகளையும், 1958 சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி நஷ்டஈட்டையும் அரசு வழக்கறிஞர் வாயிலாகக் கோருங்கள். அந்நிபந்தனைகளை அவன் மீறினால், அதே நீதிமன்றம் அவனைத் திரும்ப வரவழைத்து, இப்போதைய வெட்டுக்கே சிறைத் தண்டனை விதிக்கலாம்.