செஞ்சிக்குத் தஞ்சாவூர் உறவு

கேள்வி: ஐயா, எங்களுக்குப் பாபநாசம் பக்கம். விடுமுறையில் பிள்ளைகளோடு செஞ்சிக்கோட்டைக்குப் போகலாம் என்றிருக்கிறோம். தேசிங்கு ராஜா கட்டிய கோட்டை என்கிறார் என் மாமனார். சிவாஜி கோட்டை என்கிறான் மகன். யார் சொல்வது சரி? நம் தஞ்சாவூர்ச் சீமைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: இரண்டு பேரும் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே கோட்டை இருந்தது. 1200-ஐ ஒட்டி ஆனந்தக் கோன் என்பவர் முதலில் அரண் எழுப்பினார் என்பது உள்ளூர் மரபு. இன்று நீங்கள் பார்க்கப்போகும் கல்யாண மஹால், களஞ்சியங்கள், வேங்கடரமணர் கோயில் எல்லாம் பெரும்பாலும் விஜயநகரத்தின் கீழ் இருந்த செஞ்சி நாயக்கர்கள் காலத்தவை. 1649-இல் பீஜப்பூர் சுல்தானின் படை அவர்களிடமிருந்து கோட்டையைப் பிடித்தது. 1677-இல் சிவாஜி வந்து பீஜப்பூர்க்காரர்களை விரட்டி, மதில்களைப் பலப்படுத்தினார். 2025-இல் மராட்டியக் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி ஒன்றுதான் இடம்பெற்றது. உங்கள் மகன் சொல்வது அதிலிருந்து வந்திருக்கும்.

தேசிங்கின் உண்மைப் பெயர் தேஜ் சிங். முகலாயர்களுக்காகக் கோட்டையைக் காத்த ராஜபுத்திரர் ஸ்வரூப் சிங்கின் மகன். ஓராண்டுகூட ஆளவில்லை. 1714-இல், 22 வயதில், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி இறந்துபோனார். எந்த மதிலையும் கட்டாத அந்த இளைஞனைத்தான் கூத்தும் கதைப்பாட்டும் இன்றுவரை தூக்கி வைத்திருக்கின்றன. மாமனாரிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள்.

இனி தஞ்சாவூர். சிவாஜியின் தந்தைக்கு இன்னொரு மனைவியிடம் பிறந்தவர் ஏகோஜி. தஞ்சையில் மராட்டிய ஆட்சியைத் தொடங்கியவர். 1677-இல் கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடியில் அண்ணனும் தம்பியும் சந்தித்தார்கள். அப்பா சொத்தில் பாதி வேண்டும் என்றார் அண்ணன். தம்பி ஒருநாள் இரவோடு இரவாகக் கொள்ளிடம் தாண்டித் தஞ்சாவூருக்கு ஓடிவிட்டார்! பாகத் தகராறு அரசர்களையும் விடவில்லை.

அடுத்த தலைமுறையில் பகை தணிந்தது. 1689-இல் மராட்டியத் தலைநகர் ராய்கட் முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பிடம் விழுந்தபோது, சிவாஜியின் மகன் ராஜாராம் தப்பி வந்து செஞ்சியில் புகுந்தார். 1690-இல் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் முற்றுகை போட்டார். அது 1698 வரை இழுத்தது. மூன்று மலைகளையும் முக்கோணமாகச் சேர்த்துக் கட்டிய மதில், 800 அடி உயர ராஜகிரி, மேலே சுனைகள் என்று காரணம் சொல்வார்கள். என் கணக்கில் அது பாதிதான். மலைமேல் மதில் இருக்கும், வயல் இருக்காது. பெரியப்பா மகனுக்கு ஏகோஜியின் மகனான தஞ்சை அரசர் ஷாஜி தானியமும் பணமும் ஆளும் அனுப்பிக்கொண்டிருந்தார். வெளியே மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் முகலாயர்களின் தானிய வண்டிகளை மறித்தார்கள். விளைவு, முற்றுகை போட்டவர்களே பட்டினி கிடந்து 1693 தொடக்கத்தில் வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். சுல்பிகர் கானும் வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்று அப்போதே பேச்சு உண்டு.

தானியம் எங்கிருந்து வருகிறது என்பது அவருக்கும் புரியாமல் இல்லை. 1694-இல் படையைத் தஞ்சாவூருக்கே திருப்பினார். கப்பம் கட்டுவதாகவும் ராஜாராமுக்கு இனி உதவுவதில்லை என்றும் ஷாஜியிடம் எழுதி வாங்கினார். அதற்குப் பிறகும் செஞ்சி நான்கு வருடம் தாங்கியது. கடைசியில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை. இத்தனை கெட்டிக் கோட்டையை 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார் என்பது வேறு கதை. 1761-இல் அது ஆங்கிலேயரிடம் போனது.

முற்றுகையைத் தாங்கவைத்ததில் தானியத்துக்கும் பாதிப் பங்கு உண்டு. அதனால் அங்கே போனதும் பீரங்கியைத் தேடி ஓடாமல், ராஜகிரி அடிவாரத்துக் களஞ்சியத்துக்குள் முதலில் நுழையுங்கள். சுவரின் கனத்தைப் பிள்ளைகள் கையால் தட்டிப் பார்க்கட்டும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் நிற்கிறதே, புறப்படுவதற்கு முன் அதையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

விழுப்புரம் வழியாகப் போனால் சுலபம். வெயில் ஏறுவதற்குள் ராஜகிரி ஏறிவிட வேண்டும். உச்சிக்குக் கீழே ஒரு பிளவைப் பாலத்தில் கடக்கவேண்டியிருக்கும், சிறுவர்களைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். தின்பண்டத்தைப் பைக்குள்ளேயே வையுங்கள், குரங்குகள் அதிகம். மாமனார் ஏற வேண்டாம். அடிவாரத்தில் கல்யாண மஹாலும் வேங்கடரமணர் கோயிலுமே அவருக்கு அரை நாளைக்குப் போதும்.