சங்கம் வேறு, ஊர் வேறு

அன்புள்ள மகளுக்கு,

நகர் நலச் சங்கத்தில் உன்னை இணைச் செயலாளராக்கிவிட்டார்கள் என்று உன் அப்பா போனில் சொன்னான். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை என்பதால் மினிட்ஸ் எழுதும் வேலை உன் தலையில்தான் விழும். சந்தா வசூலுக்கும் உன்னைத்தான் அனுப்புவார்கள். சலித்துக்கொள்ளாதே. எந்த வீட்டுக் கிணறு உப்பாகிவிட்டது, எந்த முனையில் மழைத் தண்ணீர் நிற்கிறது என்பதெல்லாம் சந்தாவுக்குக் கதவு தட்டுகிறவருக்குத்தான் முதலில் தெரியும். மேடையில் மாலை வாங்குகிறவருக்குத் தெரிய ஒரு வருஷம் ஆகும்.

கொட்டிவாக்கத்திலிருந்து உத்தண்டி வரை நம் கடற்கரைச் சாலை ஊர்கள் எல்லாம் ஒரு காலத்தில் தனித்தனிப் பஞ்சாயத்துகள். குறை என்றால் கிராம சபையில் எழுந்து நின்று கேட்கலாம். 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தபோது கிராம சபை போய்விட்டது. பகுதி சபை என்று ஒன்று வர 2022 ஆயிற்று. இடையில் ஊருக்காகப் பேசும் வேலையை நலச் சங்கங்கள்தான் பார்த்தன. அதனால் வந்த மிதப்பு இன்னும் சில சங்கங்களுக்கு இறங்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் வேலை.

கடற்கரை ஒன்றுதான், அதற்கு அலுவலகம் ஏழெட்டு. மணலில் கிடக்கும் குப்பை மாநகராட்சிக்கு. மணல் பெரும்பாலும் புறம்போக்கு, அது வருவாய்த் துறைக்கு. செத்து ஒதுங்கும் ஆமை வனத்துறைக்கு, படகு மீன்வளத் துறைக்கு, சாக்கடை குடிநீர் வாரியத்துக்கு. கரையோரம் புதிதாகக் கட்டடம் எழும்பினால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி குறுக்கே வரும். இவை எல்லாவற்றையும் ஒரே மனுவில் அடுக்கி, கடைசியில் 'ஆவன செய்யுமாறு' என்று முடித்தால், அந்த மனு மேசை மேசையாகச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். ஒரு மனுவுக்கு ஒரு பிரச்சினை போதும். 'தெருவிளக்கு எரியவில்லை' என்று எழுதாதே. கம்பத்தில் பெயின்ட் அடித்த எண் இருக்கும், அதை எழுது. மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் செய்தால் புகார் எண்ணைக் கேட்டு வாங்கி மினிட்ஸ் நோட்டில் குறித்து வை. அடுத்த கூட்டத்தில் 'சொன்னோம், செய்யவில்லை' என்று பொதுவாகப் புலம்புவதை விட எண்ணையும் தேதியையும் வாசிப்பது மேல்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடும்போது சங்க லெட்டர்ஹெட் வேண்டாம். அந்தச் சட்டம் உரிமை தருவது குடிமக்களுக்கு. சங்கம் குடிமகன் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்ப ஏன் ஒரு சாக்குக் கொடுக்க வேண்டும்? உன் பெயரில் போடு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். 'ஏன் ரோடு போடவில்லை' என்று கேட்டால் அது கேள்வி, தகவல் அல்ல என்பார்கள். பணி ஆணை நகல் கேள், மதிப்பீடு கேள், அளவு குறிக்கும் எம்-புக் நகல் கேள். ரோடு எத்தனை மீட்டருக்குப் பணம் பட்டுவாடா ஆயிற்று என்பது அதில் இருக்கும். டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பார்ப்பது உன் வேலை.

இதெல்லாம் கற்றுக்கொண்டால் வந்துவிடும். நான் கவலைப்படுவது வேறு ஒன்றைப் பற்றி.

1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். உங்கள் சுவரை ஒட்டி இருக்கும் மீனவர் குப்பத்தில் ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறதே, அதற்கு அப்படி ஒரு சான்றிதழ் கிடையாது. ஆனால் உங்கள் நகரில் முதல் பிளாட் விற்பதற்குப் பல தலைமுறைக்கு முன்பே அந்த மணலில் படகு யார் எங்கே ஏற்றுவது, வலைத் தகராறு வந்தால் யார் தீர்ப்பது என்று முடிவு செய்தவர்கள் அவர்கள். சான்றிதழ் இருப்பதாலேயே சங்கம் ஊராகிவிடாது. 'ஊர் மக்கள் சார்பில்' என்று மனுவில் எழுதக் கை போகும்போது நிறுத்திக்கொள். வாடகை வீட்டுக்காரர், வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வரும் அம்மா, இவர்களில் யாராவது உறுப்பினர் பட்டியலில் இருக்கிறார்களா என்றும் ஒருமுறை பார்.

கூட்டத்தில் கட்டாயம் ஒருவர் எழுந்திருப்பார். மீன் நாற்றம், ரோட்டில் வலை காய்கிறது, நடைப்பயிற்சிக்கு இடைஞ்சல் என்பார். கை தட்டலும் விழும். மெரினா லூப் சாலையில் நடந்ததை அவருக்கு நினைவுபடுத்து. 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் பக்கம் சாலையோர மீன் கடைகளை அகற்றப் போனபோது மீனவர்கள் சாலையிலேயே மறியலுக்கு உட்கார்ந்துவிட்டார்கள். நீதிமன்றம் வரை போன விவகாரம் அது. பிறகு அங்கேயே மீன் அங்காடி கட்டி 2024-ல் திறந்தார்கள். அந்த மணலையும் கடலையும் நம்பித்தான் அவர்கள் பிழைப்பு. சாலைதான் பிற்பாடு வந்து குறுக்கே விழுந்தது. ரிசார்ட்டுகளுக்கு எதிராக உங்கள் சங்கம் எடுத்துக்காட்டுகிற கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவர் வாழ்வாதாரத்தைக் காப்பதைத் தன் நோக்கங்களில் ஒன்றாகச் சொல்லியே தொடங்குகிறது. பாதியை மட்டும் வாசித்துவிட்டுப் போய் நிற்கக் கூடாது.

நியாயத்தை விடு, சங்கத்தின் சுயநலத்துக்கே மீனவர்கள் வேண்டும். கடல் அரிப்பை எடுத்துக்கொள். ஐப்பசி, கார்த்திகையில் அலை ஏறி வந்து காம்பவுண்டு சுவரின் அடியை அரித்ததும் 'கல் கொட்டச் சொல்லுங்கள்' என்று தீர்மானம் வரும். நம் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது, வாடைக் காலத்தில் மட்டும் திரும்பும். நடுவில் கல்லால் தடுப்புப் போட்டால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினா விரிந்ததும், வடக்கே இராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்ததும் இப்படித்தான். புதுச்சேரியில் 1980-களில் துறைமுகம் வந்த பின் நகரத்துக் கடற்கரையில் மணலே இல்லாமல் போயிற்று. நீங்கள் கொட்டும் கல், வடக்கே இருக்கும் குப்பத்தின் படகுத் துறையைத் தின்னும். நீரோட்டத்தை வண்ணி, தெண்டி என்று பிரித்துச் சொல்லும் பெரியவர் ஒருவர் குப்பத்தில் இருப்பார். தீர்மானம் போடுவதற்கு முன் அவரிடம் போய்க் கேள். பொறியாளர் அறிக்கையும் வேண்டியதுதான். ஆனால் பொறியாளர் நாள் தவறாமல் அந்தத் தண்ணீரில் நிற்பதில்லை.

அடுத்து வருவது அழகுபடுத்துதல். மணல் மேட்டைச் சமன் செய்து புல்தரை போடலாம், ஹைமாஸ்ட் விளக்கு வைக்கலாம் என்று யாராவது ஸ்பான்சரோடு வந்து நிற்பார். அந்த மேட்டில் படர்ந்திருக்கும் அடம்புக் கொடியும் ராவணன் மீசையும் களை இல்லை. பறக்கிற மணலைப் பிடித்து மேடாக நிறுத்துவதே அவைதான். அலை பெரிதாக வரும் நாளில் உங்கள் வீட்டுக்கு முன்னால் நிற்கும் தடுப்பு அந்த மேடு. விளக்கும் அப்படித்தான். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிடுகின்றன. சுமார் ஒன்றரை மாதத்தில் பொரிந்து வரும் குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடலுக்கு ஓடும். தெருப் பக்கம் வெளிச்சம் அதிகமானால் தெருப் பக்கம் வந்து நாய்க்கும் டயருக்கும் இரையாகும். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காக்கிறார்கள். அவர்களோடு ஓர் இரவு நடந்துவிட்டு வந்து விளக்குத் தீர்மானத்தை எழுது. கடல் பக்கம் மறைப்புப் போட்டு, நடு இரவுக்கு மேல் அணைத்துவிட ஒப்புக்கொண்டால் வயதானவர்களின் இருட்டுப் பயமும் தீரும், ஆமைக்கும் வழி கிடைக்கும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கூட்டத்தில் கண்டிப்பாக நில். கடலோர மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரை இருக்கும் என்பது கணக்கு. திருப்பிப் பார், மேலே 1 அடி இறங்கினால் கீழே உப்பு 40 அடி ஏறும். நகருக்குள் யாராவது போர் போட்டு லாரிக்குத் தண்ணீர் விற்றால், அவர் சங்கத்துக்கு எவ்வளவு நன்கொடை கொடுப்பவரானாலும் சரி, அந்தப் பெயர் மினிட்ஸில் ஏற வேண்டும். மழைநீர் சேகரிப்பை 2003-லேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். எத்தனை வீட்டில் அந்தக் குழியைச் சிமென்ட் போட்டு மூடிக் கார் நிறுத்தியிருக்கிறார்கள் என்று சந்தாவுக்குப் போகும்போது பார்த்துக்கொண்டே வா.

ஒன்று கேட்டிருந்தாயாம். குப்பத்துக்காரர்களைப் பொதுக்கூட்டத்துக்கு அழைத்தும் ஒருவரும் வருவதில்லை, அக்கறை இல்லை என்று தலைவர் சொல்கிறார் என்று. நீங்கள் கூட்டம் வைப்பது ஞாயிறு காலை பத்து மணிக்கு. விடியும் முன் கடலுக்குப் போன படகு கரையேறி, வாரத்திலேயே அதிகமாக மீன் விற்கும் நேரம் அது. மீன் விற்கும் அம்மாக்கள் கூடையை விட்டுவிட்டு எப்படி வருவார்கள்? மதியம் ஆண்கள் தூங்குவார்கள். கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு மாற்று. சங்க அலுவலகத்தில் வேண்டாம், வலை பின்னும் கூடத்தில் இடம் கேள். நாற்காலி நீங்கள் கொண்டு போங்கள். அழைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு இருக்காமல், நேரில் போய் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் சொல்லிவிட்டு வா. தலைவரையும் கூடக் கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
பெரியப்பா