“இது ஃபேக்டரி இல்லையே” என்கிறது நிர்வாகம்

கேள்வி: ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு தனியார் கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் என் கணவர் 12 ஆண்டுகளாக லேப் அசிஸ்டென்ட். பென்சீனைப் பெரிய கேனிலிருந்து சின்ன பாட்டில்களுக்கு மாற்றுவது, கழிவை வடிப்பது எல்லாம் அவர் வேலை. சம்பளம் 19,000 ரூபாய், இஎஸ்ஐ பிடிக்கிறார்கள். சில மாதங்களுக்கு முன் ரத்தப் புற்றுநோய், ஏ.எம்.எல். என்று சொல்லிவிட்டார்கள். நஷ்டஈடு கேட்டால், “இது ஃபேக்டரி இல்லையே” என்கிறது நிர்வாகம். எங்களுக்கு வழி உண்டா?
– வாசகி, சேலையூர்

பதில்: உண்டு, சகோதரி. ஃபேக்டரியா கல்லூரியா என்பது இங்கே பிரச்சினையே இல்லை. தனியார் கல்வி நிறுவனங்களை இஎஸ்ஐக்குள் கொண்டுவந்த 2010ஆம் ஆண்டு அரசு அறிவிக்கை செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2020இல் சொல்லிவிட்டது.

இஎஸ்ஐ சட்டத்தின் மூன்றாம் அட்டவணை தொழில்சார் நோய்களின் பட்டியல். அதன் இரண்டாம் பகுதியில் பென்சீனால் வரும் நோய்கள் இருக்கின்றன. எந்த வேலைக்குப் பொருந்தும் என்று அட்டவணையிலேயே பக்கத்துக் கட்டத்தில் பாருங்கள்: அந்த ஆபத்துக்கு ஆளாகும் எல்லா வேலைக்கும். தொழிற்சாலை என்ற பேச்சே அங்கே கிடையாது. 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டாலும், பென்சீன் பட்டியலில் தொடர்கிறது.

ஆறு மாதம் தொடர்ந்து அந்த வேலையில் இருந்தவருக்குப் பட்டியலில் உள்ள நோய் வந்தால், வேலையால் வந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். பென்சீனுக்கும் ஏ.எம்.எல்.லுக்கும் உள்ள தொடர்பை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையே ஏற்றிருக்கிறது. ஃபார்மலினில் உள்ள ஃபார்மால்டிஹைடையும் அது புற்றுநோய் தரும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. ஆனால் நம் பட்டியலில் அதன் பெயர் இல்லை. அதனால் ஃபார்மலினோடு வேலை செய்யும் உடற்கூறு, திசு ஆய்வுக்கூட ஊழியர்களின் நிலை உங்களுடையதைவிடக் கடினம். இந்தப் பட்டியலை எப்போதோ திருத்தியிருக்க வேண்டும்.

இப்போது உங்கள் கணவருக்குச் சாதாரண நோயாளிக் கணக்கில்தான் பணம் வரும் என நினைக்கிறேன். அதில் 91 நாளுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், பிறகு நீண்டகால நோய்க்கு 80 சதவீதம், அதுவும் இரண்டு ஆண்டு வரைதான். தொழில்சார் நோயும் சட்டப்படி பணிக்காயம்தான்; அப்படிப் பதிவானால் 90 சதவீதம். வேலை செய்ய முடியாத காலம் முழுவதும் கிடைக்கும். நிரந்தர இயலாமை என்றால் மாதாமாதம் ஆயுளுக்கும். அதனால் இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் ‘தொழில்சார் நோய்’ என்று எழுதிக் கொடுத்து, மருத்துவ வாரியத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் இஎஸ்ஐ நீதிமன்றம் இருக்கிறது.

வழக்கு நிற்பது காகிதத்தில். ரசாயன ஸ்டாக் ரெஜிஸ்டர், கொள்முதல் பில், டூட்டி பட்டியல், ஃப்யூம் ஹூட் சர்வீஸ் செய்த விவரம் ஆகியவற்றின் நகலைக் கல்லூரியிடம் பதிவுத் தபாலில் கேளுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் மருத்துவ ஆவணங்களை 40 ஆண்டு காக்க வேண்டும் என்றது. அது அந்தத் தொழிலுக்குச் சொன்ன உத்தரவுதான். கல்லூரியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வாதத்துக்குக் கை கொடுக்கும். சிகிச்சை தரும் டாக்டரிடம் “12 ஆண்டு பென்சீன் கையாண்டவர்” என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். யாரும் கேட்காவிட்டால் டாக்டர்கள் எழுதுவதில்லை.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இஎஸ்ஐயில் இருப்பவர் இதே நோய்க்காக முதலாளி மீது தனியாக நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. 1997இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. பெரிய தொகைக்குக் கேஸ் போடலாம் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

உங்கள் கணவரின் அதே மேசையில் வேலை செய்யும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு இந்த இஎஸ்ஐ பாதுகாப்புகூட இல்லை. உதவித்தொகை வாங்குகிறவர் ஊழியர் அல்ல என்பதுதான் நிறுவனங்களின் வாதம். 1986இலேயே பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இளம் ஆராய்ச்சியாளர்களுக்குப் புற்றுநோய் வந்து விசாரணை நடந்தது. இங்கே இன்னும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு வரவில்லை.

வழக்கறிஞர் செலவுக்குத் தயங்க வேண்டாம். செங்கல்பட்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தால் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். கிளை அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.