பழைய மோட்டார் வண்டி சில வேளைகளில் மட்டும் இயங்க மறுப்பது ஏன்?

நுவரெலியா, கந்தப்பளை, இராகலை முதலிய இடங்களில் கரட், லீக்ஸ், கோவா பயிரிடுவோரிற் சிலர் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லப் பழைய வண்டிகளையே நம்பியிருக்கின்றனர். விடியற்காலையில் வண்டி இயங்க மறுத்தால், மூட்டைகள் வாடி விலை குறையும். அறுவடைக்குப் பட்ட பாடும் வீணாகும்.

முற்றாகப் பழுதான வண்டியிற் குறையைக் காண்பது எளிது. ஒரு நாள் இயங்கி மறுநாள் மறுக்கும் வண்டியிலோ, மெக்கானிக் வருமுன் குறை மறைந்துவிடுகிறது. ஊகத்தால் புதிய பற்றறியும் கொயிலும் வாங்குவது வீண் செலவு. ஆகையால், குறை தோன்றிய இடத்திலேயே, தோன்றிய வேளையிலேயே சோதித்தல் வேண்டும். அன்று குளிரா, மழையா, எஞ்சின் சூடாக இருந்ததா என்பதையும் ஒவ்வொரு முறையும் குறித்து வைத்தல் நன்று.

மலைநாட்டிற் பலர் வண்டியைச் சரிவில் நிறுத்தி, உருட்டி இயக்குவர். இது குறையை மறைக்குமேயன்றித் தீர்க்காது. வளைவுப் பாதையில் ஆபத்துமாகும். சோதிக்குமுன் கியரை விடுவித்து, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கல் வையுங்கள்.

எஞ்சின் சுழலாவிடில்

முன்விளக்கை எரியவிட்டு ஸ்டார்ட்டரை இயக்கிப் பாருங்கள்.

1. விளக்கு முற்றாக அணைந்தால், பற்றறி முனைகளில் இணைப்புத் தளர்ந்திருக்கலாம். முனைகளைக் கழற்றிச் சுரண்டித் துப்புரவாக்கி இறுக்குக.

2. விளக்கு மிக மங்கி, எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் பற்றறி வலுவிழந்திருக்கலாம். ஓய்விலிருக்கும் நல்ல 12 வோல்ற் பற்றறி ஏறக்குறைய 12.6 வோல்ற் காட்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது; தை, மாசி மாதங்களில் உறைபனி விழுவதுண்டு. உறைநிலைக் குளிரில் பற்றறியின் இயக்கும் வலு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறையும்.

3. விளக்கு பிரகாசமாகவே எரிந்தால், மின்சாரம் ஸ்டார்ட்டர் மோட்டாரை அடையவில்லை. அதன் சுவிச்சையும் வயரையும் பரிசோதிக்க வேண்டும்.

எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் இருப்பதால், அதனை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் வயர் இன்றியமையாதது. அது துருப்பிடித்தால் மின்சாரம் வேறு வழி தேடும். ஸ்டார்ட்டரை இயக்கியபின் சோக் கம்பி சுடுமாயின், எர்த் வயரே குற்றவாளி எனக் கொள்ளலாம்.

எஞ்சின் சுழன்றும் பற்றாவிடில்

தீப்பொறியையும் பெற்றோலையும் தனித்தனியே சோதிக்குக. பெற்றோல் வாடை இல்லாத இடத்தில், ஒரு பிளக்கைக் கழற்றி வயரில் பொருத்தி, எஞ்சின் இரும்பின்மேல் வைத்துச் சுழற்றினால் நீலப் பொறி தெரிய வேண்டும். வயரை வெறுங்கையாற் பிடித்தல் கூடாது. தென்மேற்குப் பருவமழையில் ஹற்றன் பக்கத்து மூடுபனி டிஸ்ரிபியூட்டர் மூடியினுள் ஈரமாகப் படியும். உலர்ந்த துணியாற் துடைத்தாலே வண்டி இயங்கக்கூடும். குளிர்ந்தபோது பொறி இருந்து, சூடேறியபின் மறைந்தால் கொயிலைச் சந்தேகிக்கலாம்.

1948இல் அறிமுகமான மொரிஸ் மைனர் காரில் மின்சாரப் பெற்றோல் பம்பி உண்டு. காபுரேற்றர் வெறுமையாக இருக்கையில் சாவியைத் திருப்பினால் அது ‘டிக், டிக்’ என ஒலிக்க வேண்டும். ஒலியாமலிருந்து, மெல்லத் தட்டியதும் ஒலித்தால், அதன் உள்முனைகள் தேய்ந்துள்ளன. பொறியும் பம்பியும் சரியாக இருந்து, இறம்பொடை ஏற்றத்தில் ஏறி நின்றபின் மட்டும் வண்டி மறுத்தால், சூட்டினாற் பெற்றோல் குழாயிலேயே ஆவியாகியிருக்கலாம். உயரம் கூடக் கூடத் திரவங்கள் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். எஞ்சின் மூடியைத் திறந்து ஆறவிடுக.

பெற்றோலில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் இதே முறை பொருந்தும்: முதலில் பொறி, பின்னர் பெற்றோல். வயலுக்கு நீர் தேவைப்படும் நாளில் இச்சிறு சோதனை பெரும் உதவியாகும்.

ஒரு வேளையில் ஒரு பாகத்தை மட்டும் சீர்செய்து பாருங்கள். பல பாகங்களை ஒருங்கே மாற்றினால், எது குறையாயிருந்தது என்பது தெரியாமற் போகும். அதே குறை மீண்டும் சந்தை நாளிலேயே தலைகாட்டும்.