கழிவு ஆயில் பீப்பாய்: டேங்கில் ஊற்றலாமா, கைமாற்றலாமா?

லாரி வைத்திருப்பவருக்கு டீசல்தான் முதல் செலவு. தென்காசிப் பக்கத்து டிப்பர்களுக்கு அது இன்னும் கூடுதல். எம்.சாண்டோ ஜல்லியோ ஏற்றிக்கொண்டு செங்கோட்டையைத் தாண்டி, புளியரை எஸ் வளைவில் கீழ் கியரில் முனகி ஏறி, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குள் இறங்க வேண்டும். லிட்டருக்கு 90 ரூபாய்க்கு மேல் கொடுத்து டேங்கை நிரப்புகிறவருக்கு, பட்டறை மூலையில் நிற்கும் கழிவு ஆயில் பீப்பாய் கண்ணில் படத்தான் செய்யும். எரிகிற பொருள்தானே, வடிகட்டி டீசலோடு சேர்த்தால் என்ன என்ற கேள்வி நியாயமானது. அந்தப் பீப்பாய்க்கு முன்னால் இருக்கும் வழிகள் நான்கு: வடிகட்டி டேங்கில் ஊற்றுவது, கேட்டு வருகிறவருக்கு விற்பது, உரிமம் பெற்றவரிடம் ஒப்படைப்பது, எரிபொருள் மிச்சத்துக்கு வேறு எண்ணெயைத் தேடுவது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பத்துச் சக்கர லாரியின் எஞ்சினிலிருந்து ஒரு தடவை இறங்கும் ஆயிலைத் தாராளமாக 20 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றுகிறீர்கள். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கிடைக்கிறது. அந்த இடைவெளியில் நீங்கள் எரித்த டீசல் 5,000 லிட்டர். இறங்கிய ஆயில் முழுவதையும் ஒரு சொட்டு வீணாகாமல் கலந்தாலும் மிச்சம் 0.4 சதவீதம், காசாகச் சொன்னால் 1,800 ரூபாய் அளவு. நிதானமாக ஓட்டும் ஒரு டிரைவரும் சரியான டயர் காற்றும் இதைவிட அதிகம் மிச்சப்படுத்தித் தருவார்கள்.

இந்தக் கணக்கிலிருந்தே இன்னொன்றும் புரியும். சொந்த வண்டி ஆயிலில் லாபம் இல்லை என்பதால், இதில் லாபம் பார்க்க நினைப்பவர் ஊரிலுள்ள ஆயிலையெல்லாம் சேகரித்தாக வேண்டும். அந்தப் பீப்பாயில் பைக் ஆயில் இருக்கும், கியர் ஆயில் இருக்கும், பிரேக் ஆயில் இருக்கும், ரேடியேட்டர் கூலன்ட் இருக்கும், மழைத் தண்ணீரும் இருக்கும். எதில் எது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஆபத்து தொடங்கும் இடம் அதுதான்.

சரி, வடிகட்டினால் என்ன போகும், என்ன போகாது? சில வாரம் அசையாமல் வைத்திருந்தால் தண்ணீரும் கனமான மண்டியும் அடியில் தங்கும். துணி பெரிய துகளைப் பிடிக்கும். நல்ல பில்டர் எலிமென்ட் சில மைக்ரான் வரை பிடிக்கும். சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் அதற்கும் கீழே போகும். ஆனால் டீசல் எஞ்சின் ஆயிலைக் கறுப்பாக்கும் புகைக்கரியின் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. அவை ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படியாமல் மிதந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகவே ஆயிலில் மருந்து சேர்க்கிறார்கள். கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்து, இன்னும் கறுப்பாக இருக்கிறதே என்று மறுபடி மறுபடி வடிகட்டுவதில் பயனில்லை.

அதைவிட முக்கியமானது கரைந்திருப்பவை. தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகமும் பாஸ்பரஸும், அமிலத்தை முறிக்கக் கால்சியமும் ஆயிலோடு ஆயிலாகக் கலந்தே வருகின்றன. உப்புத் தண்ணீரை எத்தனை மடிப்பு வேட்டியில் வடித்தாலும் உப்பு போகாது, இதுவும் அப்படித்தான். எரியும்போது எண்ணெய் போய்விடும், இவை சாம்பலாக மிஞ்சும். லாரி ஆயிலில் சாம்பல் எடையில் ஏறத்தாழ ஒரு சதவீதம். டீசலுக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்சம் 0.01 சதவீதம். நூறு மடங்கு வித்தியாசம். உங்கள் 20 லிட்டரை எரித்தால் 200 கிராமுக்குப் பக்கத்தில் சாம்பல், நாசில் நுனியிலும் வால்விலும் டர்போவிலும் சைலன்சரிலும் எங்காவது உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

இனி வண்டியைப் பொறுத்துப் பிரித்துச் சொல்லலாம்.

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு பதிவான பி.எஸ்.6 லாரி என்றால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள். அதன் காமன் ரெயில் அமைப்பில் டீசல் 1,600 பார், அதற்கும் மேலான அழுத்தத்தில் பாய்கிறது. இன்ஜெக்டருக்குள் உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். சைலன்சர் பக்கம் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. கரியை அது சூடேற்றி எரித்துவிடும். சாம்பலை எரிக்க முடியாது, அடைத்துக்கொள்ளும். இந்த வண்டிகளுக்கென்றே டீசலில் கந்தகத்தை 10 பி.பி.எம்.-க்குக் கொண்டுவந்தார்கள். எஞ்சின் ஆயிலில் கந்தகம் சில ஆயிரம் பி.பி.எம். மேலே சொன்ன அந்த 0.4 சதவீதத்தைக் கலந்தாலே டேங்கில் இருக்கும் கந்தகம் இரு மடங்கைத் தாண்டிவிடும். ஒரு இன்ஜெக்டர் போனால் பல ஆயிரம் ரூபாய்; ஆறு சிலிண்டருக்கு ஆறு இன்ஜெக்டர். வாரன்டியும் கூடவே போகும்.

பி.எஸ்.3, பி.எஸ்.4 காலத்துக் காமன் ரெயில் வண்டிகளுக்கும் பதில் இதேதான், டி.பி.எஃப். இல்லாதது மட்டும் சின்ன ஆறுதல்.

இன்லைன் பம்பு வைத்த பழைய டாடா 1210, லேலண்ட் காமெட் போன்றவற்றின் கதை வேறு. ஓடாது என்று சொன்னால் அது பொய். சிறிய அளவு கலந்தால் ஓடும். அமெரிக்காவில் கம்மின்ஸும் கேட்டர்பில்லரும், ஓடும்போதே எஞ்சின் ஆயிலைச் சிறிது சிறிதாக டீசலில் சேர்த்து எரித்து, அந்த அளவுக்குப் புது ஆயிலைச் சேர்க்கும் அமைப்பையே விற்றிருக்கின்றன. அமெரிக்க ராணுவத்தின் எம்35 லாரியில் பலவகை எரிபொருளை எரிக்கவென்றே வடிவமைத்த எஞ்சினும் இருந்தது. வெளிநாட்டில் ஓடுகிறதே என்பவர்கள் சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான். ஆனால் அவை அந்த எஞ்சினின் சொந்த ஆயிலை, தயாரித்தவரே வகுத்த அளவில், டி.பி.எஃப். இல்லாத காலத்தில் எரித்தவை. பட்டறைப் பீப்பாய்க்கு அந்த உதாரணம் பொருந்தாது. பழைய வண்டிதானே என்று தொடர்ந்து ஊற்றினால் நாசில் கரி பிடிக்கும், பம்பு பிளஞ்சர் தேயும், புகைச் சான்றிதழ் எடுக்கப் போகும்போது மாட்டிக்கொள்வீர்கள். 1,800 ரூபாய்க்கு எதிரே பம்பு சர்வீஸ் பில்லை வைத்துப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் எந்த வண்டிக்கும் செய்யாதீர்கள். 40 டிகிரி சூட்டில் டீசலின் பிசுபிசுப்பு 2 முதல் 4.5 அலகு, 15டபிள்யூ-40 ஆயிலுக்கு அது 100-ஐத் தாண்டும். இதை இளக்க பெட்ரோல் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அடுப்பில் வைத்துச் சூடாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். பெட்ரோல் கலந்த ஆயிலைச் சூடாக்குவது உயிரோடு விளையாடுவது. நாலு சுவருக்குள் ஆவி தேங்கினால் ஒரு தீப்பொறி போதும்.

இரண்டாவது வழி, பீப்பாயைக் கேட்டு வருகிறவருக்கு விற்றுவிடுவது. கையில் உடனே காசு வரும், அதுதான் இதன் ஒரே சிறப்பு. அது செங்கல் சூளைக்குப் போகலாம், சென்டரிங் பலகையில் தடவப்படலாம், கலப்பட டீசலாகி உங்கள் டேங்குக்கே திரும்பி வரலாம். சூளையின் தீ சீராக எரிவதில்லை; பாதி எரிந்த ஆயிலின் புகையும் உலோகத் தூசியும் அருகிலுள்ள தோட்டத்தின் மேல் இறங்கும். நாம் கொடுத்தது எங்கே போகிறது என்று தெரியாமல் கொடுப்பதை என்னால் பரிந்துரைக்க முடியாது.

தரையில் கொட்டுவதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. ஒரு காலன் கழிவு ஆயில் பத்து லட்சம் காலன் குடிநீரைக் கெடுக்கும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை. குற்றால அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் தேய்த்துக் குளிக்கத் தடை இருக்கிறது. அதே மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசியைத் தாண்டி சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. சாரல் காலத்தில் பட்டறை வாசல் மண்ணைக் கழுவும் மழைநீர் ஓடை வழியாகக் குளத்துக்கும் ஆற்றுக்கும்தான் போகும். அருவியில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயைத் தடுத்துவிட்டு இதை விட்டுவைப்பதில் அர்த்தமே இல்லை.

மூன்றாவது வழிதான் என் தேர்வு: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற சுத்திகரிப்பாளரிடமோ, அவருக்காகச் சேகரிப்பவரிடமோ கொடுப்பது. அங்கே தண்ணீரை நீக்கி, வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, மறுபடி அடிப்படை எண்ணெயாக்குகிறார்கள். எந்தத் துணியாலும் பிரிக்க முடியாத துத்தநாகமும் கால்சியமும் அடிக்கசடில் தங்கிவிடுகின்றன. 2016-ன் அபாயகரக் கழிவு விதிகள் கேட்பதும் இதையே. 2023-ல் வந்த திருத்தத்தால் 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் தயாரிப்பாளர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் கழிவு ஆயிலைத் திரும்பச் சேர்க்கும் பொறுப்பு வந்திருக்கிறது. சிக்கல் அளவில்தான். ஒரு பட்டறையின் அரைப் பீப்பாய்க்காக யாரும் வண்டி அனுப்ப மாட்டார்கள். பாவூர்சத்திரமோ ஆலங்குளமோ கடையநல்லூரோ, அந்தந்த ஊர்ப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து 200 லிட்டர் பீப்பாய்கள் சிலவற்றை ஓரிடத்தில் நிரப்பினால் பேரம் பேசும் நிலை வரும். எடுக்க வருகிறவரிடம் அங்கீகாரச் சான்றையும், சரக்கோடு போக வேண்டிய படிவம் 10-ஐயும் கேளுங்கள். தயங்கினால் கொடுக்க வேண்டாம். விலை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. கூலன்ட்டும் பிரேக் ஆயிலும் கலக்காத பீப்பாய்க்கு எப்போதும் மதிப்பு அதிகம்.

இனி நான்காவது வழி. பழைய எண்ணெயை எரித்தே ஆக வேண்டும் என்றால் குற்றாலம் பக்கத்தில் அதற்கு ஏற்ற சரக்கு இருக்கிறது: சீசன் முழுவதும் கொதிக்கும் சிப்ஸ் கடைச் சட்டியும், பிரானூர் பார்டர் பரோட்டாக் கடைகளின் அடுப்பும் தரும் சமையல் எண்ணெய். அதில் துத்தநாகம் இல்லை. திரும்பத் திரும்பக் கொதிக்கும்போது உருவாகும் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் சட்டம். அந்த எண்ணெயைப் பயோடீசலாக்கச் சேகரிக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டு தொடங்கியது. ஆனால் அதையும் அப்படியே டேங்கில் ஊற்ற முடியாது. மெத்தனாலோடு வினைபுரிய வைத்தால்தான் பிசுபிசுப்பு டீசலின் பக்கத்தில் வரும். மெத்தனால் கொடிய நஞ்சு, வாங்கவே உரிமம் வேண்டும்; வீட்டுக் கொல்லையில் செய்யும் வேலையல்ல. கடைக்காரர் சேகரிப்பாளரிடம் கொடுக்கட்டும், லாரிக்காரர் தரச்சான்றுள்ள பயோடீசல் கலப்பு டீசலைப் பெட்ரோல் பங்கில் வாங்கட்டும்.

நாளைக்கே தொடங்க நினைப்பவருக்கு: மூடியுள்ள பீப்பாய் ஒன்றை ஆயிலுக்கு மட்டும் ஒதுக்கி, கூரைக்குக் கீழே, சிமென்ட் தரையில் வையுங்கள். கழற்றிய ஆயில் பில்டரைச் சூடு ஆறுமுன் துளையிட்டு 12 மணி நேரம் அந்தப் பீப்பாயின் மேல் கவிழ்த்து வடியவிடுங்கள். அதன் பிறகு இரும்புக் கடைக்கு அனுப்பலாம்.